உங்களுக்குத் தெரியுமா? ஓடினால் மூளைக்கு எவ்வளவு ரத்தம்?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. மூச்சிரைக்க ஓடினால் அது 20 லிட்டரைத் தொடும். ஆனால் மூளைக்குப் போகும் முக்கால் லிட்டர் மட்டும் 10 முதல் 20 சதவீதம்தான் கூடுகிறது. இன்னும் வேகமெடுத்தால் வேடிக்கை: மேல்மூச்சு வாங்குவதில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ஏறிய ஓட்டம் மறுபடி இறங்கிவிடும்.

ஆனால் அந்தக் குழாய்களிலேயே ஒரு புடைப்பு இருந்தால்? மூளையின் அடியில், ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில், சைக்கிள் டியூப் புடைப்பதுபோல் உப்புவது அனியூரிசம். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இவர்களுக்கு ஆபத்து ரத்த ஓட்டம் கூடுவதைவிட, ரத்த அழுத்தம் திடீரென ஏறுவதில்தான். மூச்சை அடக்கிப் பாரம் தள்ளிய பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே குழாய் செருகி அளந்தார்கள் கனடா ஆய்வாளர்கள் (1985). சில நொடிகளுக்கு ரத்த அழுத்தம் 300-ஐத் தாண்டியது!

அனியூரிசம் வெடித்த 250 பேரிடம் நெதர்லாந்தில் விசாரித்தார்கள் (2011). வெடிப்பைத் தூண்டியவற்றில் கடும் உடற்பயிற்சியும் உண்டு. கூடவே காபி, மூக்குச் சிந்துதல், கழிப்பறையில் முக்குதல், ஏன், திடுக்கிடுவதும்கூட!