காட்டுப் போருக்கெனக் குறுக்கப்பட்ட துப்பாக்கி

ஒன்பது இறாத்தல் நிறையும் மூன்றே முக்கால் அடி நீளமும் உள்ள துப்பாக்கியைச் சுமந்துகொண்டு, சேற்றிலும் மூங்கிற் புதரிலும் நாள் முழுவதும் நடப்பதென்றால் எப்படியிருக்கும்? இரண்டாவது உலக மகாயுத்தத்திலே பர்மாக் காடுகளில் யப்பானியரோடு பொருத சிப்பாய்கள் பட்ட துன்பங்களுள் இதுவும் ஒன்று. அவர்கள் கையிலிருந்த லீ-என்பீல்ட் றைபிள் நம்பத்தக்க ஆயுதமே. ஆனால், பரந்த வெளியில் தொலைவிலுள்ள பகைவனைக் குறிபார்ப்பதற்கென அமைந்த அதன் நீண்ட குழல், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத காட்டிலே கொடிகளிற் சிக்கியது.

அப்போர்முனையை நடத்திய தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 ஏப்பிரலில் நமது பேராதனைக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டிலே ஐந்தாம் இலக்க றைபிளின் உற்பத்தியும் இங்கிலாந்திலே தொடங்கிற்று. இதனையே பின்னர் உலகம் 'காட்டுக் கார்பைன்' என்று அழைத்தது.

நான்காம் இலக்கத் துப்பாக்கியையே குறுக்கி இதனை ஆக்கினர். 25 அங்குலக் குழல் 19 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாயிற்று. முன்புற மரம் வெட்டப்பட்டது. இரும்புப் பாகங்களிலும் ஆங்காங்கே கடைந்து எடுத்தனர். நிறை ஏறத்தாழ 7 இறாத்தலாகக் குறைந்தது. இரண்டு இறாத்தல் ஒரு பெரிய காரியமா என்று கேட்பவர், இரண்டு இறாத்தற் சீனியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு மைல் நடந்து பார்க்கட்டும்.

இனி, அந்த இலாபத்துக்குக் கொடுத்த விலையைப் பார்ப்போம். பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தோட்டா பழைய .303 தோட்டாவே, அதன் வலிமை குறையவில்லை. குறைந்தது துப்பாக்கியின் நிறை மட்டுமே. ஆகவே, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பின்னோக்கி உதைக்கும் வேகம் ஏறக்குறைய காற்பங்கு கூடியது. தோளைக் காக்கவென்று பின்கட்டையில் இறப்பர்த் துண்டொன்றைப் பொருத்தினர். அதுவோ அகலம் குறைந்தது. உதையை ஒரே இடத்திற் குவித்தது. குறுகிய குழலுக்குள்ளே வெடிமருந்து முற்றாக எரிந்து தீராததால், வாயிலே பெருஞ் சுவாலையும் காதைப் பிளக்கும் ஓசையும் எழுந்தன. இருளிலே சுடுபவனின் கண் கூசாதிருக்கப் புனல் போன்ற மூடியொன்றைக் குழலின் நுனியில் வைக்க வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் சிப்பாய் பொறுத்திருப்பான். பொறுக்க முடியாத குற்றம் வேறொன்று. இன்று சரியாகச் சீர்செய்த குறி, நாளை விலகி நிற்பதாக முறைப்பாடுகள் எழுந்தன. நிறையைக் குறைக்கக் கடைந்த இடங்களில் இரும்பு வளைந்து கொடுப்பதே காரணம் எனப் பலர் கருதினர். பரிசோதனைகளின் பின், இது அமைப்பிலேயே உள்ள கோளாறு என்று முடிவாகி, 1947 இல் உற்பத்தி நின்றது. அதற்குள் சுமார் 2,50,000 துப்பாக்கிகள் வெளிவந்துவிட்டன. தானே இயங்கும் புதிய றைபிளுக்கு வழிவிடவே இக்குற்றம் பெரிதாக்கப்பட்டது என்று வாதிடுவோர் இன்றும் உளர்.

எமக்குத் தோன்றுவது இதுதான்: முப்பது யார் தூரத்திலே அந்த விலகல் பெரிதன்று, முந்நூறு யார் தூரத்திலோ ஓர் உயிர் அதில் தங்கியிருக்கலாம். அதனாற்றான் போலும், உற்பத்தி நின்ற பின்னரும், 1948 இல் மூண்ட மலாயாக் காட்டுப் போரில் இத்துப்பாக்கி தொடர்ந்து பயன்பட்டது. ஆயினும், ஒவ்வொரு வெடிக்கும் கையாற் பூட்டை இழுத்துத் தள்ள வேண்டிய கருவி, கண்ணிமைப் பொழுதிலே முடிந்துவிடும் பதுங்கித் தாக்குதலுக்கு ஏற்றதன்று. அங்கே ஓவன் துப்பாக்கியையும் அமெரிக்கக் கார்பைனையும் பலர் விரும்பி ஏந்தினர்.

'காட்டுக் கார்பைன்' என்ற பெயர் இராணுவத்தார் முறையாக இட்டதன்று. யுத்தத்தின் பின் அப்பெயருக்கு இருந்த கவர்ச்சியைக் கண்ட அமெரிக்க வியாபாரிகள், பழைய நீளத் துப்பாக்கிகளை வாங்கிக் குழலை வெட்டி அதே பெயரில் விற்றனர். இன்று அரும்பொருள் சேகரிப்போர் அசலைக் கண்டறியப் பார்ப்பது, முன்னர் குற்றம் சாட்டப்பட்ட அந்தக் கடைசல் அடையாளங்களையே.