‘ஜப்பான் மேக்’ என்றால் எந்த ஜப்பான்?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பழைய லீட் கிட்டார் ஒன்று கைமாறும்போது விற்பவர் முதலில் சொல்வது, “ஒரிஜினல் ஜப்பான் மேக் தம்பி” என்பதைத்தான். வாங்குபவரும் அதற்கு மேல் அதிகம் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாததில் வியப்பும் இல்லை. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு லயத்துக் காம்பராக்களுக்குள் வந்து சேர்ந்த ரேடியோ கெசட் ஜப்பான். இன்றைக்கும் டிக்கோயாப் பாதையில் நிறைய ஆட்களோடு ஏறுகிற வேன் ஜப்பான். ‘ரீகண்டிஷன்’ என்று சொன்னாலே பாதி நம்பிக்கை வந்துவிடுகிற ஊர் இது.

கிட்டார் விஷயத்தில் அந்த நம்பிக்கை பாதிதான் சரி. ஜப்பானில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் 1960களில் மேல்நாட்டு வாத்தியக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அதே ஜப்பான் கிட்டாரைப் பார்த்து அமெரிக்காவின் பெரிய கொம்பனிகள் கலங்கிப்போயின. இந்த இரண்டு காலத்துக் கிட்டார்களும் இன்று பழைய சாமான் சந்தையில் ஒரே பெயரில் விலைபோகின்றன. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானதே 2024 செப்டெம்பரில்தான். அப்படியான வீட்டுப் பிள்ளை கிட்டாருக்குப் போடுவது விளையாட்டுக் காசு அல்ல. எந்த ஜப்பான் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் கெட்ட பெயர் வந்த கதை. டோக்கியோவில் 1946இல் தொடங்கிய டெய்ஸ்கோ, அதற்கும் மூத்த குயாட்டோன் போன்ற கொம்பனிகள்தான் ஜப்பானின் முதல் எலெக்ட்ரிக் கிட்டார்களைச் செய்தன. 1960களில் அமெரிக்காவில் வீட்டுக்கு ஒரு பையன் பேண்ட் தொடங்க ஆசைப்பட, அங்குள்ள வியாபாரிகள் மலிவுக் கிட்டாருக்கு ஜப்பானைத் தேடி வந்தார்கள். ஒரே தொழிற்சாலையில் செய்தது நாலைந்து வேறு வேறு பெயர்களில் அங்கே விற்றது. 1965இல் வென்ச்சர்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழு ஜப்பானைச் சுற்றி வாசித்துவிட்டுப் போனதும், உள்நாட்டிலும் ‘எலெக்கி’ என்ற காய்ச்சல் பிடித்தது. தளபாடம் செய்தவர்கள்கூடக் கிட்டார் செய்யப் புறப்பட்டார்கள்.

விளைவு எப்படி இருந்திருக்கும்? பொடி, அதாவது கிட்டாரின் உடல், ஒட்டுப்பலகை. நெக் கைக்கு அடங்காத தடிமன். தந்தி, நெக்கின் மேல் பதித்த பிரெட் கம்பிகளிலிருந்து எட்ட நிற்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் விரல் நொந்துவிடும். சரியாகக் காயாத மரம் கப்பலேறிப்போய், அமெரிக்க வீடுகளின் வரண்ட சூட்டில் வளைந்து நின்றது. இந்தக் குறையை மறைக்கத்தானோ என்னவோ, முகப்பில், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப் மூன்று நான்கும் வரிசையாகச் சுவிட்சும் பதித்திருப்பார்கள். பத்தாண்டு முடியுமுன் சந்தை படுத்தது. டெய்ஸ்கோவை 1967இல் கவாய் வாங்கிக்கொண்டது; சின்னத் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன.

ஆனால் அந்தக் காலத்துச் சாமான் எல்லாம் குப்பை என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. விஸ்வமோகன் பட்டுடன் சேர்ந்து வாசித்து 1990களில் நம் பக்கத்து ரசிகர்களுக்கும் தெரியவந்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர், தன் கிட்டாரில் வேண்டுமென்றே பொருத்தி வைத்திருப்பது ஒரு பழைய டெய்ஸ்கோவிலிருந்து கழற்றிய பிக்அப். கிட்டாராக அது தேறவில்லை. அதன் ஒரு உறுப்பு தேறியது.

நல்ல பெயர் தொடங்கும் இடம் டோக்கியோ அல்ல. நாகானோ மாகாணத்தில், சுற்றிலும் மலை சூழ, கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 600 மீற்றர் உயரத்தில் இருக்கும் மட்சுமோட்டோ நகரம். மலை என்றாலும் நம் மலைபோல ஈரமலை அல்ல. கடற்காற்று எட்டாத உள்நாட்டு வரட்சி. மரம் காய்வதற்கு அது வாய்ப்பு. 1960இல் யூச்சிரோ யோகோச்சி, யுடாகா மிமுரா என்ற இருவர் இங்கே ஃபுஜிஜென் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். அதே ஊரில் 1951இலிருந்து இன்னொரு மரவேலைக் கொம்பனி இருந்தது: மட்சுமோக்கு. அதன் முக்கிய வேலை, சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்வது. சிங்கர் என்றால் மலையகத்தில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. மெஷின் பெட்டி செய்து பழகிய கைதான், 1970களில் ஏரியா, எப்பிஃபோன் பெயர்களில் கிட்டார் செய்தது.

இவர்கள் பள்ளிக்கூடமாக எடுத்துக்கொண்டது கொப்பி அடிப்பதை. நாகோயா நகரத்து ஹோஷினோ கொம்பனி, ஒரு பழைய ஸ்பானியக் கைவினைஞரின் பெயரை எடுத்து ‘இபனேஸ்’ என்று விற்றது. செய்துகொடுத்தது பெரும்பாலும் ஃபுஜிஜென். கண்டா ஷோகாய் என்ற வியாபார நிறுவனத்தின் ‘கிரெக்கோ’வையும் ஃபுஜிஜென்தான் செய்தது. ஹமமட்சுவில் டோகாய். எல்லாரும் அமெரிக்காவின் கிப்சனையும் ஃபெண்டரையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, அளந்து, திரும்பச் செய்தார்கள். அதிலும் 1950களின் மொடல்களையே தேடிப்பிடித்து அளந்தார்கள்.

அதே வேளையில் ஒரிஜினலின் நிலைமை என்ன? ஃபெண்டரை 1965இல் சிபிஎஸ் என்ற ஒலிபரப்புக் கொம்பனி 130 இலட்சம் டொலருக்கு வாங்கியிருந்தது. கிப்சன் 1969இலிருந்து நோர்லின் என்ற நிறுவனத்தின் கையில். இரண்டு இடத்திலும் கணக்குப்பிள்ளைகளின் கை ஓங்கியது. 1971 வாக்கில் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நெக்கைப் பிடித்திருந்த நாலு ஆணி மூன்றாகக் குறைந்தது. கிப்சன் லெஸ் போலின் பொடி, பலகைகளை அடுக்கி ஒட்டியதாக மாறியது. கொப்பி மேலே ஏறிக்கொண்டிருக்க, ஒரிஜினல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஜப்பான் கிட்டாருக்கு நல்ல பெயர் வந்ததில் ஜப்பானியரின் உழைப்பு எவ்வளவோ, அமெரிக்கரின் அசட்டையும் அவ்வளவு. இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

1977 ஜூனில் நோர்லின் பிலடெல்பியாவில் வழக்குப் போட்டது. எதிராளி இபனேஸின் அமெரிக்க வினியோகஸ்தரான எல்கர் கொம்பனி. முறைப்பாடு கிட்டாரின் தரத்தைப் பற்றியதல்ல. பொடியைப் பற்றியதும் அல்ல. விரித்த புத்தகத்தின் மேல்விளிம்புபோல வளைந்திருக்கும் கிப்சன் தலைப்பகுதியின் வடிவம்தான் பிரச்சினை. இபனேஸ் அந்த வடிவத்தை ஏற்கெனவே மாற்றத் தொடங்கியிருந்தது. 1978இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. இன்று பழைய கிட்டார் விற்பவர்கள் “இது வழக்குப் போட்ட காலத்துக் கிட்டார்” என்று விலையை ஏற்றுகிறார்களே, அதில் பெரும்பாலானவற்றுக்கும் அந்த வழக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வழக்கு ஒன்று, அதில் இழுக்கப்பட்ட பெயரும் ஒன்று.

கொப்பி இல்லாமலும் நிற்கமுடியும் என்று காட்டியது யமஹா. 1976இல் வந்த எஸ்ஜி2000 அவர்களுடைய சொந்த வடிவம். கார்லோஸ் சந்தானா முந்தைய மொடலை வாசித்துப் பார்த்து, எடையும் நீண்ட ஓசையும் போதாது என்று சொன்னதால், பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைத் தட்டு வைத்து, நெக் மரத்தைப் பொடியின் நடுவாகக் கடைசிவரை ஓடவிட்டார்கள். தோளில் மாட்டினால் பாரம் தெரியும். சந்தானா அதைத்தான் மேடைக்குக் கொண்டுபோனார்.

1982இல் ஃபெண்டர் இறங்கி வந்தது. கொப்பிகளை அவற்றின் ஊரிலேயே எதிர்கொள்ள, ஃபெண்டர் ஜப்பான் என்ற கூட்டுக் கொம்பனி உருவானது. கூட்டாளிகள் யார்? கிரெக்கோவை விற்ற அதே கண்டா ஷோகாய், கூடவே யமானோ. தொழிற்சாலை? அதே ஃபுஜிஜென். ஜேவி என்று தொடங்கும் இலக்கத்தோடு வந்த அந்த முதல் வரவுகள், அமெரிக்காவில் அப்போது ஃபெண்டர் செய்துகொண்டிருந்ததைவிடப் பழைய ஃபெண்டருக்குக் கிட்டவாக இருந்தன. 1985இல் சிபிஎஸ் ஃபெண்டரை விற்றபோது அமெரிக்கத் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. புதுத் தொழிற்சாலை எழும்பும் வரை, உலகத்துக்குப் போன ஃபெண்டர்களில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்துதான் போனது.

அந்த வருடமே மலிவுக் காலமும் முடிந்தது. 1985 செப்டெம்பரில் நியூயோர்க் பிளாசா ஹோட்டலில் பெரிய நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டால் யென்னின் பெறுமதி ஏறியது. 240 யென் அளவில் இருந்த ஒரு டொலர், 1987 முடிவில் 130 யென்னுக்கும் கீழே போனது. ஜப்பானில் செய்து மலிவாக விற்க வழியில்லை. மட்சுமோக்கு 1987இல் மூடப்பட்டது. மலிவு மொடல்கள் கொரியாவுக்கும், பிறகு இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போயின. ஜப்பானில் தங்கியது விலைகூடியது மட்டும். இன்று இபனேஸின் ‘பிரெஸ்டீஜ்’ வரிசை ஃபுஜிஜென்னில் உருவாகிறது. ஆரம்பக்காரர் வாங்கும் இபனேஸில் இந்தோனேசியா அல்லது சீனாவின் பெயர் இருக்கும்.

ஆக, ஜப்பான் என்ற பெயர் மட்டும் எதையும் சொல்வதில்லை. தேயிலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டாம். ‘சிலோன் டீ’ என்ற பெயரைப் பார்த்துக் கொழும்பு ஏலத்தில் யாரும் விலை கேட்பதில்லை. எந்தத் தோட்டத்து மார்க், பீஓபியா டஸ்டா, டிம்புள்ளைப் பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வரட்சிக் காற்றில் எடுத்த கொழுந்தா, மழைக்கால வரவா என்று பார்த்துத்தான் விலை ஏறும். கிட்டாரிலும் தொழிற்சாலை, வருடம், மொடல் வரிசை என்ற மூன்றையும் பார்க்கவேண்டும்.

மொடல் வரிசையைக் கண்டுபிடிக்க ஃபெண்டர் ஜப்பானில் ஒரு வசதி உண்டு. எஸ்டி57-55, எஸ்டி57-115 என்று மொடலுக்குப் பெயர் வைத்தார்கள். கடைசி இலக்கம், ஆயிரம் யென் கணக்கில் அன்றைய கடை விலை: ஒன்று 55,000 யென், மற்றது 115,000. இரண்டுமே 1957 ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மறுபதிப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பூச்சு, பிக்அப், மரம் எல்லாவற்றிலும் வித்தியாசம். இந்த இலக்கம் கிட்டாரின் முகப்பில் இருக்காது. நாலு ஆணியையும் கழற்றி நெக்கைத் தூக்கினால் சிலவற்றில் அடிப்பகுதியில் முத்திரை தெரியும். கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், விலையைக் குறைத்துக் கேட்க அது போதுமான காரணம். ‘மேட் இன் ஜப்பான்’ என்றும், 1997 வாக்கிலிருந்து பல வருடங்கள் ‘கிராஃப்டட் இன் ஜப்பான்’ என்றும் எழுதியிருக்கும். இரண்டும் ஜப்பான்தான்; செய்த தொழிற்சாலைகள் மாறியிருக்கலாம். தலையில் இருக்கும் பெயர் ஸ்டிக்கரை மட்டும் நம்பவேண்டாம். அதை அச்சடிக்க ஜப்பானுக்குப் போகத் தேவையில்லை.

நம் மலைக்கென்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது. நுவரெலியா கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரம். பனிமூட்டம் காம்பராவுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர். தந்தி துருப்பிடிக்கும், வொலியூம் திருகினால் ‘கரகர’ என்னும். இவை சின்னச் செலவு. நெக் வளைந்திருந்தால் அப்படியல்ல. முதல் பிரெட்டிலும், நெக் பொடியோடு சேரும் இடத்திலும் தடித்த தந்தியை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாம் எட்டாம் பிரெட்டுக்கு மேல் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மெல்லிய அட்டை நுழையுமளவு என்றால் சரி. தீப்பெட்டியே நுழையும் என்றால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி நேராக்கவேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகக்கூடாது. அந்தத் திருகு ஏற்கெனவே கடைசிவரை இறுகியிருந்தால், ஜேவி இலக்கமே இருந்தாலும் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வரட்சி மாதங்களில் மரம் சுருங்கி, பிரெட் முனைகள் நெக் ஓரத்தில் கையை உறுத்துவதும் உண்டு. அதை அரத்தால் தீட்டிச் சரிசெய்யலாம்.

தேர்த் திருவிழா மேடை, கல்யாண மண்டபம், தேவாலயக் குழு: மலையகத்தில் லீட் கிட்டார்காரருக்கு வேலை கிடைக்கும் இடங்கள் இவைதான். அதிலும் பாதியைக் கீபோர்ட் வாங்கிக்கொண்டது. இந்த நிலையில் முதல் கிட்டார் வாங்கப்போகிறவருக்கு என் யோசனை, நெக் நேராக உள்ள ஒரு புதிய இந்தோனேசியக் கிட்டார். கொரியாவையும் இந்தோனேசியாவையும் இளக்காரமாகப் பேசிய காலம் போய்விட்டது. அமெரிக்காவின் பிஆர்எஸ் கொம்பனியே தன் ‘எஸ்இ’ வரிசையின் பெரும்பகுதியை 2019இலிருந்து சுரபாயாவில் செய்விக்கிறது. வாசித்துப் பழகிய கைக்குத்தான் பழைய ஜப்பானின் நல்லதும் கெட்டதும் பிடிபடும்.

கிட்டாரோடு சேர்த்து ஒரு எம்பிளிஃபையரையும் நீட்டி, “எம்ப்பும் ஜப்பான்தான், எடுத்துக்கோங்க” என்று தந்தால், வாங்குமுன் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது என்றால் 100 வோல்ட் என்று இருக்கும். நம் வீட்டுச் சுவரில் வருவது 230. மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்போமர் தனியாக வேண்டும். எம்ப் இழுக்கும் வாட் அளவைவிடக் கூடியதாகப் பார்த்து வாங்கவேண்டும். அது இல்லாமல் நேராகச் சொருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் பியூஸோடு போகும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் பவர் டிரான்ஸ்போமரும் சேர்ந்து கருகிவிடும்.