புண்ணாக்கில் பச்சை பூத்தால்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ரகங்கள் ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு நாடெங்கும் போயின. எண்ணெய் நமக்கு, கொடியும் புண்ணாக்கும் மாட்டுக்கு. தலைமுறை தலைமுறையாக இதுதான் கணக்கு. அந்தப் புண்ணாக்கோடு ஒரு நஞ்சும் தொழுவத்துக்கு வந்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு பூஞ்சணம் பிடித்திருந்தது தெரிந்தது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற அந்தப் பூஞ்சணம் கக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலை அரிக்கும் நஞ்சு அது. மனிதருக்குப் புற்றுநோயும் வரவழைக்கும்.

நம் ஊரில் இது எங்கே தொடங்குகிறது? ஆடிப்பட்டத்து மல்லாட்டை பிடுங்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. ஈரக் காயை அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் ஏறுகிறது. நன்றாகக் காய்ந்த காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்கும். அந்தச் சத்தம் வராத காயை மூட்டை கட்டக் கூடாது. செக்கில் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு எண்ணெயில் போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. மாடு தின்ற ஒரு நாளைக்குள் அதில் ஒரு சிறு பங்கு உருமாறிப் பாலில் இறங்குகிறது. பாலை எவ்வளவு காய்ச்சினாலும் அது போகாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 368 மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படி இருந்தன. பால் குடிக்கும் குழந்தைகள் உள்ள ஒவ்வொரு வீடும் அறிய வேண்டிய செய்தி இது. ஒரு நிம்மதி: கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாளில் பால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நஞ்சைப் பிடித்துவைக்க பென்டோனைட் போன்ற களிமண் பொடிகள் வந்திருக்கின்றன. அவை குடலில் நஞ்சை ஒட்டிக்கொண்டு சாணத்தோடு வெளியேறும். இன்னும் நுண்ணிய துகள்களாக்கி ஆய்வகங்களில் பரிசோதித்தும் வருகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் பச்சை பூத்த புண்ணாக்கைப் பொடி தூவித் தின்னக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள்.

மாற்றுத் தீவனங்களின் பேச்சையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அசோலாவில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் என்பது உண்மை. ஆனால் அது உலர்ந்த எடைக்கு. ஒரு கிலோ பச்சை அசோலாவைக் காயவைத்தால் மிஞ்சுவது 60 கிராம் அளவே. மண்ணில்லாமல் தட்டில் வளர்க்கும் மக்காச்சோளத் தீவனம் ஒரு கிலோ விதைக்கு ஆறு கிலோ தரும் என்கிறார்கள். கூடியது தண்ணீர், உலர்பொருள் உண்மையில் சற்றுக் குறைகிறது. தட்டில் பூஞ்சணம் பிடித்தால் அதுவும் ஆபத்து. பசுமைக்காகக் கொஞ்சம் கொடுங்கள், அடர்தீவனத்தை நிறுத்திவிடாதீர்கள். புதுத் தீவனத்தைச் சோதித்துப் பார்க்க உங்கள் மாட்டைக் கேட்டு யாராவது வந்தால், என்ன கொடுக்கிறார்கள், மாட்டுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரு கறவை நாலு நாள் தீனி எடுக்காமல் கிடந்து செத்தது. வந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தீவனம் இருக்கா?" மூட்டை தீர்ந்து, சாக்கை அலசி வாசலில் போட்டிருந்தோம். ரசீதும் வாங்கவில்லை. தீவனம்தான் காரணம் என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

அதனால்தான் ரசீது வாங்குங்கள், மாதிரி எடுத்து வையுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்புச் சட்டம் கால்நடைத் தீவனத்தை 'உணவு' என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. ஆகவே நுகர்வோர் சட்டம்தான் வழி, அதற்கு ரசீதுதான் நம் ஆயுதம். ஐ.எஸ்.ஐ. தரப்படி மாட்டுக் கலப்புத் தீவனத்தில் அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மூட்டையில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிழைப்புக்காக மாடு வைத்திருப்பவரும் நுகர்வோர்தான். 2019 நுகர்வோர் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசியும் புகார் தரலாம். வழக்கறிஞர் வைக்கப் பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். அதன் எண் 15100.

மாடு சோர்ந்தால் அந்தத் தீவனத்தை உடனே நிறுத்தி, கால்நடை மருத்துவ உதவி எண்ணான 1962க்கு அழையுங்கள். செத்துவிட்டால் புதைக்கும் முன் அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை செய்து சான்று வாங்குங்கள். மாதிரி எடுக்கும்போது மேலாக அள்ளாதீர்கள். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாக இருக்காது, ஒரு மூலையில் திரண்டிருக்கும். மேல், நடு, அடி என்று பல இடத்தில் அள்ளிக் கலந்து, ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டி, சாட்சிகளின் கையெழுத்தோடு உலர்ந்த இடத்தில் வையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, அங்கே சோதிக்கலாம். சாக்கையும் அதில் தைத்த சீட்டையும் பத்திரமாக வையுங்கள். தயாரித்த தேதியும் தொகுதி எண்ணும் அதில்தான் இருக்கும்.