யாரை ஆட விடுவது, யாரை உட்கார வைப்பது?

ஆடிக் கடைசி வெள்ளியன்று சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்குப் போகும் பேருந்தில் நிற்கவும் இடம் இராது. அந்த நெரிசலிலும் கல்லூரி மாணவர்கள் சிலர் கைபேசியைப் பார்த்தபடி வாதிட்டுக்கொண்டே வருவார்கள். "போன ரெண்டு மேட்சும் அவன் பத்து ரன்கூடத் தாண்டலடா, தூக்கிரு." "இவன் எழுபது அடிச்சிருக்கான், இவனைக் கேப்டனாப் போடு." கற்பனை கிரிக்கெட் அணி அமைக்கும் விளையாட்டுதான் அது. உண்மையான ஆட்டக்காரர்களிலிருந்து பதினொருவரை நாம் பொறுக்கி எடுக்கிறோம். அவர்கள் அன்று எடுக்கும் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் நமக்குப் புள்ளிகளாகின்றன. ட்ரீம்11 போன்ற செயலிகளில் தலைவராக நியமித்தவருக்குப் புள்ளி இரட்டிப்பு, துணைத் தலைவருக்கு ஒன்றரை மடங்கு.

இவ்வகை ஆட்டத்தின் மூதாதை அமெரிக்கக் கால்பந்துக்கானது. ஓக்லண்ட் நகரைச் சேர்ந்த வின்கன்பாக் என்பவரும் நண்பர்களும் 1962இல் அதற்கு விதிகள் வகுத்தார்கள். பந்தை ஓடிப் பிடிக்கும் ஆட்டக்காரர்களில் இந்த வாரம் யாரை இறக்குவது, யாரை இருக்கையில் உட்கார வைப்பது என்று அங்கே இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் வேறாயினும் கேள்வி ஒன்றே. "போன ரெண்டு மேட்ச்" என்ற அந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை தரலாம்? இதற்கு இயற்பியல் விடை தருகிறது. எப்படி என்று பார்ப்போம்.

கதிரியக்கச் சிதைவு பற்றி நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஓர் அணுக்கரு எவ்வளவு காலம் சிதையாமல் இருந்திருந்தாலும், அடுத்த நொடியில் அது சிதைவதற்கான வாய்ப்பு மாறுவதில்லை. மட்டையாளரையும் இவ்வாறே கருதலாம். அவர் 5 ஓட்டத்தில் இருந்தாலும் 50 ஓட்டத்தில் இருந்தாலும், அடுத்த ஓட்டம் எடுப்பதற்குள் ஆட்டமிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே என்று கொள்வோம். கிரிக்கெட் ஓட்டங்கள் இத்தகைய பெருக்குத் தொடருக்கு எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்று 1945இலேயே இங்கிலாந்தின் புள்ளியியல் இதழில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஓட்டமே எடுக்காமல் வெளியேறுவது மட்டும் கணக்கு சொல்வதைவிடச் சற்றுக் கூடுதல். புதிதாக வந்தவருக்குக் கண் பழக நேரம் வேண்டும் அல்லவா? மற்றபடி இது பயனுள்ள தோராயமே.

இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? சராசரி 30 உடைய நல்ல மட்டையாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அரை ஆயுட்காலம் சராசரி ஆயுட்காலத்தில் 0.693 பங்கு என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே அவர் ஆடும் ஆட்டங்களில் பாதியில் 21 ஓட்டங்களைத் தாண்டமாட்டார். நூற்றுக்கு 28 ஆட்டங்களில் பத்துக்குள் ஆட்டமிழப்பார். நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு ஆட்டங்களில் அறுபதைக் கடப்பார். அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் பத்துக்குள் வெளியேறும் வாய்ப்பு 0.28 × 0.28, அதாவது நூற்றுக்கு எட்டு. களத்தில் இத்தகைய மட்டையாளர் பன்னிருவர் இருந்தால், எந்நேரமும் ஏறக்குறைய ஒருவர் இந்த நிலையில் இருப்பார். அவரிடம் யாதொரு குறையும் இராது. பேருந்தில் "தூக்கிரு" என்று தீர்ப்பளிக்கப்பட்டவர் பெரும்பாலும் இவரே!

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதன்று. புஸ்வாணம் எவ்வளவு உயரம் எழும் என்பதைக் கொளுத்தினால்தான் அறிய முடியும். கொளுத்திய பின்னர் அது மிஞ்சுவதில்லை. ஆகவே ஒரு பெட்டியில் சிலவற்றைக் கொளுத்திப் பார்த்து மற்றவற்றைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். ஒன்று நமத்துப் போயிருந்தது என்பதற்காகச் சரக்கு முழுவதையும் எவரும் ஒதுக்குவதில்லை. எத்தனை கொளுத்தினால் போதும் என்பதே கேள்வி.

இருவரில் ஒருவரின் உண்மையான திறன் 40, மற்றவருடையது 30 என்று கொள்வோம். சிதைவு விதிப்படி திட்ட விலக்கமும் சராசரியும் சமம். எனவே ஓர் ஆட்டத்தில் இருவருக்கும் இடையேயான வித்தியாசத்தின் திட்ட விலக்கம், 40இன் வர்க்கத்தையும் 30இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் வரும் 50. பல ஆட்டங்களின் சராசரியை எடுத்தால், ஆட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் இது குறையும். ஐந்து ஆட்டங்களுக்கு 50ஐ 2.24ஆல் வகுக்க 22 வருகிறது. நாம் தேடும் வித்தியாசமோ 10தான்! இரைச்சல் 22, செய்தி 10. இந்த 10ஐ ஐயமின்றி இனங்காண இரைச்சலை 5ஆகக் குறைக்க வேண்டும். அதற்கு நூறு ஆட்டங்கள் தேவை. ஐ.பி.எல். போட்டியில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் பதினான்கு ஆட்டங்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டுகளில் ஆட்டக்காரரே மாறிவிடுவார்.

சிகரத்தைத் தொட்டவருக்கும் இதே கதைதான். 2016 ஐ.பி.எல்.லில் விராட் கோலி 16 ஆட்டங்களில் 973 ஓட்டங்கள் குவித்தார். ஆட்டத்துக்கு ஏறத்தாழ 61. மறு ஆண்டு 10 ஆட்டங்களில் 308, அதாவது 31. பட்லர் 2022இல் 17 ஆட்டங்களில் 863, 2023இல் 14 ஆட்டங்களில் 392. சுப்மன் கில் 2023இல் 17 ஆட்டங்களில் 890, 2024இல் 12 ஆட்டங்களில் 426. மூவரும் அந்தந்த முதல் ஆண்டில் ஆரஞ்சுத் தொப்பி வென்றவர்கள். "தொப்பி போட்டவனுக்குக் கண்பட்டுவிட்டது" என்று சிலர் சொல்வதுண்டு. கண்ணும் படவில்லை, மண்ணும் படவில்லை. எல்லாரிலும் மிகுதியாக அடித்தவரைப் பொறுக்கும்போது, திறனுடன் அந்த ஆண்டின் அதிர்ஷ்டமும் சேர்ந்தவரையே பொறுக்குகிறோம். மறு ஆண்டு திறன் உடன் வருகிறது, அதிர்ஷ்டம் வருவதில்லை. விதிவிலக்கும் உண்டு. 2015இல் தொப்பி வென்ற வார்னர் 2016இல் இன்னும் கூடுதலாக 848 எடுத்தார். ஆயினும் கோலி அவரை முந்திவிட்டார். சராசரியை நோக்கித் திரும்பும் இப்போக்கை, பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை அளந்த கால்டன் 1886இல் விளக்கினார்.

அப்படியானால் சமீபத்திய ஆட்டங்களை முற்றிலும் புறக்கணிப்பதா? வேண்டாம், எடை போட்டுச் சேர்க்கலாம். நெடுங்காலச் சராசரி 30, கடைசி ஐந்து ஆட்டங்களின் சராசரி 60 என்க. பழைய சராசரிக்குப் பதினைந்து ஆட்டங்களின் எடை தருவதாகக் கொண்டால், 15 பங்கு 30ம் 5 பங்கு 60ம் கலந்து 37.5 கிடைக்கிறது. அறுபதன்று, முப்பதுமன்று. எஃப்ரானும் மோரிஸும் 1977இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர் 18 பேரின் 1970ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்தார்கள். ஒவ்வொருவரின் முதல் 45 வாய்ப்புகளின் சராசரியை, பொதுச் சராசரியை நோக்கி இவ்வாறே இழுத்துவிட்டு, எஞ்சிய பருவத்தின் பலனோடு ஒப்பிட்டார்கள். பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பார்த்தால், இழுக்காத கணிப்பின் பிழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

என் எண்ணத்தில், இதைவிட நம்பத் தக்க சான்று வாய்ப்பின் அளவு. இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பவை 120 பந்துகள். தொடக்க ஆட்டக்காரருக்கும் ஏழாவதாக வருபவருக்கும் அவற்றில் கிடைக்கும் பங்கு வேறு. ஒரு பந்துவீச்சாளர் நான்கு ஓவருக்குமேல் வீச முடியாது. அந்த நான்கையும் முழுதாகப் பெறுபவர் யார், இரண்டோடு நிறுத்தப்படுபவர் யார் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் அதிகம் மாறுவதில்லை. ஓட்டங்கள் தாவும், வாய்ப்புகள் தாவுவதில்லை. அமெரிக்கக் கால்பந்திலும் அனுபவசாலிகள், ஒருவர் எத்தனை முறை கோட்டைக் கடந்தார் என்று பாராமல், எத்தனை முறை பந்து அவரை நோக்கி எறியப்பட்டது என்றே எண்ணுகிறார்கள்.

சராசரி சமமாயிருந்தும் தேர்வு மாறுவதுண்டு. ஒருவர் எப்போதும் 25க்கும் 35க்கும் இடையில் எடுப்பவர். மற்றவர் மூன்றில் ஒரு முறை 90, இரு முறை பூஜ்யம். நண்பனை முந்த 20 புள்ளி போதுமென்றால் முன்னவர். ஐம்பது வேண்டுமென்றால் முன்னவரால் பயனே இல்லை. பின்னவரை இறக்குவதே சரி.

இனிப் பணம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. ட்ரீம்11 தன் கட்டணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. அதற்கு முன் நடந்ததை ஒரு கணக்காகப் பார்ப்போம். நூறு பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்ட, நிறுவனம் 750 ரூபாயை எடுத்துக்கொண்டு 4,250 ரூபாயைப் பரிசாகத் தருகிறது என்க. சராசரி ஆள் ஆட்டத்துக்கு ஏழரை ரூபாய் இழக்கிறார். சராசரியை மிஞ்சிய திறன் உள்ளவர் ஈட்டலாமே என்பீர்கள். மெய்தான். ஆனால் திறன் உண்டா என்று தெரிந்துகொள்ள எத்தனை ஆட்டங்கள் வேண்டும்? முன்னே கண்ட வர்க்கமூலம் இங்கும் வந்து நிற்கிறது. மூன்று முறை வென்ற மாணவன் தன்னைத் தேர்ந்தவன் என்று நம்பி விடுதிக் கட்டணத்தை எடுத்து வைத்தானே, அவன் கையில் இருந்த சான்று மூன்றே ஆட்டங்கள்.

நம்ப மறுப்பவர்கள் வகுப்பில் சோதித்துப் பார்க்கலாம். நாற்பது பேர் ஆளுக்குப் பத்து முறை நாணயத்தைச் சுண்டுங்கள். எட்டோ அதற்கு மேலோ தலை விழுந்தவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர் இருப்பார்கள். அவர்களை முன்னால் நிற்க வைத்து, மீண்டும் பத்து முறை சுண்டச் சொல்லி, கிடைத்த எண்களைக் கரும்பலகையில் முதல் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.