உங்களுக்குத் தெரியுமா? ‘மக்கும்’ டயப்பருக்கும் சூடு வேண்டும்!

பீங்கான் நகரமான விருத்தாசலத்தில் களிமண் பீங்கானாக இறுக, சூளையில் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்ற வேண்டும். ‘மக்கும்’ டயப்பர் மண்ணோடு மண்ணாகவும் சூடு தேவை!

● சாதாரண டயப்பரில் மரக்கூழுடன் பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் இருக்கும். ஈரத்தை உறிஞ்சி ஜெல்லியாக்குவது சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற குருணை. மரக்கூழ் தவிர மற்றவை எளிதில் மக்கா.

● மக்கும் ரகங்களில் மூங்கில் நார், மக்காச்சோள மாவிலிருந்து தயாரிக்கும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் போன்றவை சேரும். பி.எல்.ஏ. சிதைய ஏறத்தாழ 60 டிகிரி வெப்பமும் ஈரமும் நுண்ணுயிர்களும் வேண்டும். வீட்டு எருக்குழியில் அந்தச் சூடு நிற்காது. இந்த ரகங்கள் பலவற்றிலும் அதே குருணை உண்டு.

● மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை உள்பக்கமாகச் சுருட்டி, ஒட்டுப்பட்டையால் இறுக்குங்கள். காகிதத்தில் பொதிந்து, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிப்பவர் அவரே. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

● கழிப்பறைக்குள்ளோ, விருத்தாசலத்தில் ஓடும் மணிமுத்தாற்றிலோ வீசாதீர்கள், எரிக்காதீர்கள்.

● டயப்பரோடு அப்புறப்படுத்தும் உறையையும் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றன 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள். கடையில் கேட்டு வாங்குங்கள்.

● பிள்ளை வீட்டில் இருக்கும் நேரத்துக்குப் பழைய பருத்தி வேட்டித் துணியே போதும். துவைத்து, வெயிலில் காயவைத்தால் மறுபடியும் பயன்படும்.