கொழுந்து முற்றுவதற்குள்

தொட்டியிலோ கொல்லையிலோ எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோடு பழக்கமானது. புதிதாக விட்ட கொழுந்தில், வெள்ளி நிறத்தில் பளபளவென்று வளைந்து நெளிந்து ஓடும். சில நாளில் இலை முழுக்கப் பரவும். பிறகு இலை சுருண்டு, ஓரம் மடங்கி, வளர்ச்சி நின்றுபோகும். ஒரு கிளையைக் கிள்ளிக்கொண்டுபோய் மருந்துக் கடையில் காட்டினால் பெரும்பாலும் ஒரு பாட்டிலோடுதான் திரும்புவோம். அந்த பாட்டிலும் பெரும்பாலும் வீண்தான். ஏன் வீண் என்று சொல்ல வேண்டுமானால், அந்தக் கோட்டுக்குள் குடியிருப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

கோட்டின் இரண்டு முனைகளையும் தேடிப் பாருங்கள். ஒன்று மயிரிழை அளவுக்கு மெல்லியது. பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டி இருக்கும். தாய்ப்பூச்சி முட்டை வைத்த இடம் அதுதான். பொரிக்கும் புழு வெளியே தலை காட்டுவதே இல்லை. முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து, நேரே இலைக்குள் இறங்கிவிடும். கோட்டின் அகலமான முனையில் சாதாரண லென்ஸ் ஒன்றை வைத்துப் பார்த்தால் ஆள் அகப்படும்: வெளிர்மஞ்சள் நிறம், முழுக்க வளர்ந்தாலும் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், நசுக்கிவிட்டது போன்ற தட்டை உடம்பு. கால்கள் கிடையாது.

இலையின் மேற்பரப்பில் மெழுகுப் படலம் ஒன்று உண்டு. அதற்கு அடியில் ஒற்றை அடுக்காகத் தோல் செல்கள். அதற்கும் கீழேதான் பச்சையம் நிறைந்த சதை. எலுமிச்சைப் புழு சதையைத் தொடுவதில்லை. கத்தரிபோல் வெட்டும் தாடைகளால் தோல் செல்களை மட்டும் கிழித்து, வழியும் சாற்றைக் குடித்துக்கொண்டே முன்னேறுகிறது. பள்ளிக்கூட நோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறைக்கும் அட்டைக்கும் நடுவே எறும்பு ஒன்று நகர்வதை நினைத்துக்கொள்ளலாம். செல்கள் போன இடத்தில் காற்று புகுந்துவிடுகிறது. அந்த வெள்ளிப் பளபளப்பு காற்றின் வேலை. கோட்டின் நட்டநடுவே இருண்ட இழை ஒன்று விடாமல் தொடரும். அது புழுவின் எச்சம்.

மூன்று பருவம் இப்படிச் சாறு குடித்துத் தீர்த்த பிறகு, நான்காவது பருவத்தில் புழு சாப்பாட்டையே விட்டுவிடுகிறது. பட்டிழை நூற்பது மட்டுமே அதன் வேலை. இலை ஓரத்துக்கு வந்து, இழையால் ஓரத்தை இழுத்து மடித்து, அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகிறது. வெளியே வரும் அந்துப்பூச்சியின் இறகுகளை விரித்து அளந்தால் சுமார் 4 மில்லிமீட்டர்தான். உடம்பு வெள்ளை, முன்னிறகு நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தியிலும் விடியலிலும்தான் நடமாட்டம் என்பதால் பூச்சியைப் பார்த்தவர்கள் குறைவு. முட்டையிலிருந்து பூச்சி வரைக்கும், வெப்பத்தைப் பொறுத்து, 13 நாளும் ஆகலாம், 52 நாளும் ஆகலாம்.

தக்காளி, அவரை இலைகளில் தெரியும் கோடும் இதே பூச்சி போட்டதா? இல்லை. அது பெரும்பாலும் ஈயின் வேலை. இலைக்குள் சுரங்கம் தோண்டும் வழக்கம் அந்துப்பூச்சி, ஈ, வண்டு, ரம்ப ஈ என்று நான்கு வெவ்வேறு பூச்சிக் கூட்டங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பிரித்தறிய எளிய அடையாளம் எச்சம்தான். அந்துப்பூச்சிப் புழுவின் எச்சம் பொதுவாகச் சுரங்கத்தின் நடுவில் கோடாக விழும். அவரை, தக்காளியைத் தாக்கும் ஈயின் புழு ஒருக்களித்துப் படுத்துத் தின்னும். அவ்வப்போது பக்கம் மாறும். அதனால் எச்சம் ஒருமுறை இந்த ஓரம், மறுமுறை அந்த ஓரம் என்று மாறி மாறிக் கிடக்கும். தக்காளியில் அந்துப்பூச்சியும் உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி, 2006இல் ஸ்பெயினுக்கும் 2014இல் புணேவுக்கும் வந்து, பிறகு தமிழ்நாட்டுக்கும் இறங்கிய ஊசிப்புழு அது. அது போடுவது கோடு அல்ல, அகலமான வெளிறிய திட்டு.

எலுமிச்சைப் பூச்சிக்கு அறிவியல் பெயர் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. 1856இல் கல்கத்தாவிலிருந்து போன மாதிரிகளை வைத்து அந்தப் பெயரைச் சூட்டியவர் லண்டனின் ஹென்றி ஸ்டெயின்டன். சிறு அந்துப்பூச்சிகளைப் பற்றி 13 தொகுதிகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் என ஒரே நேரத்தில் நான்கு மொழிகளில் அச்சிட்ட மனிதர் அவர். அரிசி அளவுகூட இல்லாத பூச்சிகளுக்கு அத்தனை பக்கம்! அந்தக் காலத்துப் பொறுமையை என்னவென்று சொல்வது!

இந்தத் துறையில் இன்னொரு பெயர் பெர்லினின் எரிச் மார்ட்டின் ஹெரிங். இலைச் சுரங்கப் பூச்சிகளுக்கென்றே வாழ்ந்தவர் என்று சொல்லலாம். 1957இல் ஐரோப்பியச் சுரங்கங்களை இனம் காண அவர் வெளியிட்ட நூலைப் பூச்சியின் பெயரை வைத்துக்கொண்டு புரட்ட முடியாது. செடிகளின் பெயர்களைத்தான் அகர வரிசையில் அடுக்கியிருப்பார். கையிலிருப்பது எந்தச் செடியின் இலை என்று தெரிந்தால், உள்ளே இருக்கக்கூடிய பூச்சிகளின் பட்டியல் ஒரு சிலவாகச் சுருங்கிவிடும். அந்த அளவுக்கு இவை செடியைத் தேர்ந்து வாழ்பவை. எலுமிச்சைப் பூச்சியும் அப்படித்தான். எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு எல்லாவற்றிலும் வரும். கோயில் வளாகத்து வில்வத்தின் கொழுந்திலும் வரும். பழத்தையோ வடிவத்தையோ பார்த்தால் வில்வத்துக்கும் எலுமிச்சைக்கும் உறவு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. தாவரவியலார் இரண்டையும் ருட்டேசி என்ற ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். பூச்சியும் அதை ஒப்புக்கொள்கிறது. பக்கத்திலேயே மாங்கொழுந்து தளதளவென்று இருந்தாலும் சீந்தாது. மா மரத்துக்கு வேறு சுரங்கப் பூச்சி இருக்கிறது.

இத்தனை கண்டிப்பு ஏன்? கம்பளிப்பூச்சிக்கு ஓர் இலை பிடிக்காவிட்டால் அடுத்த இலைக்கு நகரலாம். சுரங்கப் புழுவுக்கு அந்த வசதி இல்லை. தாய் எந்த இலையில் வைத்தாளோ அங்கேயே வாழ்வு, அங்கேயே சாவு. ஆகவே தேர்ந்தெடுக்கும் முழுப் பொறுப்பும் தாயின் மேல் விழுகிறது. பழக்கமும் மிகப் பழையது. அமெரிக்காவின் கான்சஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் கிடைத்த 9.7 கோடி ஆண்டு வயதுள்ள இலைப் படிமங்களில் அந்துப்பூச்சிச் சுரங்கங்கள் அப்படியே பதிந்திருப்பதை 1994இல் விவரித்தார்கள். அவற்றில் சில, நம் எலுமிச்சைப் பூச்சியின் உட்குடும்பத்தைச் சேர்ந்த புழுக்கள் போட்டவை.

சரியான குடும்பத்துச் செடி கிடைத்தால் மட்டும் போதாது. இலைக்கு வயதும் சரியாக இருக்க வேண்டும். எலுமிச்சை இலை முற்றி, மெழுகுப் படலம் தடித்துவிட்டால் புழுவால் உள்ளே இறங்க முடியாது. துளிர் விட்டதிலிருந்து இலை முற்றுவது வரை உள்ள சில நாட்கள்தான் அதற்கு வாசல். மரமும் இதற்கேற்ப நடந்துகொள்கிறது. வளர்ந்த மரம், அதன் போக்கில் விட்டால், வருடத்தில் சில தடவை மட்டும் மொத்தமாகத் துளிர் விடும்; நடுவே பூச்சிக்குப் பட்டினி. அந்தப் பட்டினியைக் கெடுப்பது நம் கைதான். வாராவாரம் கிளையைக் கிள்ளுவது, யூரியாவை அள்ளிப் போடுவது, கொஞ்சம் கொஞ்சமாக நாள் தவறாமல் தண்ணீர் விடுவது எல்லாம் சேர்ந்து செடியை எந்நேரமும் துளிர் விட வைக்கின்றன. நர்சரிக் கன்றுகளிலும் மாடித் தோட்டத்து எலுமிச்சையிலும் இந்தக் கோடு ஓயாமல் தெரிவதற்குக் காரணம் வேறெங்கும் இல்லை. அடிமரத்திலிருந்து விறுவிறுவென்று கிளம்பும் நீர்ப்போத்துகளும் பூச்சிக்கு இதே விருந்தைத்தான் வைக்கின்றன. அவற்றை மட்டும் விடாமல் அகற்ற வேண்டும்.

இலையின் வயதையே ஏமாற்றும் சுரங்கப் பூச்சியும் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில், ஆப்பிள் இலைக்குள் வாழ்வது. இலையுதிர் காலத்தில் இலைகள் எல்லாம் மஞ்சளாகி உதிரும்போதும், புழு இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் இலை பச்சையாகவே நிற்கும். உதிர்ந்து தரையில் கிடக்கும் இலையிலும் அந்தப் பச்சைத் திட்டு இருக்கும். இலையின் மூப்பைத் தள்ளிப்போடும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சிப் பொருள் அங்கே கூடுதலாகத் திரண்டிருக்கிறது. அதைத் திரட்டுவது புழுவா என்று பார்த்தால், அதன் உடம்புக்குள் இருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் கைங்கரியம் என்று 2010இல் பிரான்ஸின் தூர் நகர ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாய்ப்பூச்சிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து பாக்டீரியாவை ஒழித்ததும், பிள்ளைகளின் சுரங்கத்தைச் சுற்றிப் பச்சைத் திட்டு உருவாகவில்லை. பிழைத்த புழுக்களும் குறைந்துபோயின. எலுமிச்சைப் பூச்சிக்கு இந்த வித்தை தேவைப்படாது. முற்றுவதற்குள் முந்திக்கொள்வதே அதற்குப் போதும்.

அமெரிக்காவை எட்டும்வரை இந்தப் பூச்சியை உலகம் பெரிதாகப் பேசவில்லை. 1993 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஹோம்ஸ்டெட் பகுதி நர்சரிகளில் தென்பட்டது. ஒரே வருடத்தில் மாநிலம் முழுவதும் பரவியது. அதே காலத்தில் ஸ்பெயினிலும் கால் வைத்து, மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளை வளைத்துக்கொண்டது. இலை சுருள்வதை ஃபுளோரிடா சமாளித்திருக்கும். 1995இல் மியாமியில் சொறி நோய் தலைகாட்டியதுதான் வினையானது. இந்த நோயின் பாக்டீரியாவைப் பூச்சி சுமந்து செல்வதில்லை. ஆனால் மெழுகுப் படலத்தைப் பிரித்துவைப்பதால், காற்றோடு அடிக்கும் மழை பாக்டீரியாவை நேரே இலைச் சதையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சுரங்கம் ஓடிய தடம் முழுக்கச் சொறி எழும்புகிறது. நோய் கண்ட ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 1,900 அடிக்குள் உள்ள எலுமிச்சை இன மரங்களை எல்லாம், வீட்டுக் கொல்லையில் இருந்தாலும், அரசு வெட்டியது. மக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போன பிறகு, சூறாவளிகள் நோயை எங்கும் பரப்பிவிட்ட நிலையில், 2006 ஜனவரியில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அந்தச் சொறியின் பூர்வீகத்தைத் தேடியவர்கள் லண்டன் கியூ தோட்டத்து உலர் தாவரத் தொகுப்பில் வந்து நின்றார்கள். 1827-31 காலத்தில் இந்தியாவில் சேகரித்த எலுமிச்சை இன இலைகளில் அந்தத் தழும்பு இருந்தது. உலர்த்திய இலைகள் பூச்சிகளையும் காட்டிக்கொடுக்கும். ஐரோப்பியச் சாலைகளின் குதிரைக் கஷ்கொட்டை மரங்களை நாசம் செய்யும் சுரங்கப் பூச்சி, மாசிடோனியாவின் ஓஹ்ரிட் ஏரிக் கரையில் 1980களில்தான் கண்ணில் பட்டது. எங்கிருந்து வந்தது என்று பெரிய விவாதம். 2011இல், கிரேக்கத்தில் 1879இல் பறித்துக் காயவைத்த இலைகளுக்குள் அதே புழுக்கள் நசுங்கிக் கிடப்பதைக் கண்டெடுத்து, டிஎன்ஏ எடுத்து, பூச்சி பால்கன் மண்ணையே சேர்ந்தது என்று காட்டினார்கள். மரமும் அங்கத்தியது. பூச்சி மரத்தோடு கூடவே இருந்திருக்கிறது.

சரி, பாட்டிலுக்கு வருவோம். மேலே பட்டுக் கொல்லும் மருந்து மெழுகுப் படலத்தின் மேலேயே நின்றுவிடும். புழு அதற்குக் கீழே. மருந்து கொல்வது பெரும்பாலும் வெளியே சுற்றும் குளவிகளை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள இந்தக் குளவிகள்தான் பூச்சியின் உண்மையான எதிரிகள். ஃபுளோரிடாக்காரர்கள் 1994இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஏஜெனியாஸ்பிஸ் என்ற குளவியை வரவழைத்து விட்டார்கள். அது பூச்சியின் முட்டைக்குள்ளேயோ இளம் புழுவுக்குள்ளேயோ ஒரே ஒரு முட்டை வைக்கும். அந்த ஒரு முட்டை பிரிந்து பிரிந்து பல குஞ்சுகளாகும். ஸ்பெயினில் ஆசியக் குளவியான சிட்ரோஸ்டிகஸ் நிலைகொண்டு பூச்சியை அடக்கிவைத்தது. நம் ஊருக்கு எதையும் வரவழைக்க வேண்டியதில்லை. பூச்சி எத்தனை காலமோ அத்தனை காலமாகக் குளவிகளும் இங்கேயே இருக்கின்றன.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு கன்றுகளுக்கு உதவும். காய்க்கும் மரத்துக்குப் பெரும்பாலும் எதுவுமே வேண்டாம்; முற்றிய பழைய இலைகள் மரத்தைத் தாங்கிக்கொள்ளும். எல்லாச் சுரங்கப் பூச்சிக்கும் இதே பதில் இல்லை. மானாவாரி நிலக்கடலையில் வரும் சுருள் பூச்சி முதலில் சுரங்கம் தோண்டி, பிறகு இலைகளை இழையால் பிணைத்துக்கொண்டு தின்னும். மழை பொய்த்த வருடத்தில் கொத்தாக விழும் பயிர்ப்பூச்சி அது. சோயாவிலும் வாழும் என்பதால் சோயாவைப் பக்கத்து வயலில் போடுவது ஆபத்து. அங்கே காத்திருந்து பார்க்கச் சொன்னால் விவசாயி நம்மைத்தான் விரட்டுவார்.

எலுமிச்சைக்குத் திரும்பினால், கோடு போட்ட இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புழு நகர்ந்துகொண்டிருந்தால் அது இன்னும் பிழைத்திருக்கிறது. அசையாமல், வதங்கி, பக்கத்திலேயே கறுத்த சின்னக் கூட்டுப்புழு ஒன்று கிடந்தால் குளவி வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட இலை எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் கிள்ளி எரித்துவிடாதீர்கள். குளவி இன்னும் வெளியே வரவில்லை.