கம்பி வந்த ஊருக்கு வண்டி வரவேண்டாமா?

"மின்சார வண்டியா? அது பட்டணத்துச் சீமான்களின் விளையாட்டுப் பொருள்! சேற்றிலே கால் வைக்கும் தஞ்சைத் தொழிலாளிக்கும் அதற்கும் என்ன உறவு?" என்று கேட்கிறார்கள் சிலர். குடிசைக்கு எதற்கு விளக்கு என்று கேட்ட அதே குரல் இது! உழவனுக்கு எதற்கு இலவச மின்சாரம் என்று கேட்ட அதே குரல்! 1990இல் கலைஞர் ஆட்சி உழவர்களுக்கு அதை வழங்கியது. கேலி பேசியவர்களும், அந்த மின்சாரத்தில் விளைந்த நெல்லைத்தான் சோறாக்கி உண்டார்கள்!

விடியற்காலையில் ஒரத்தநாட்டுச் சாலையோரம் நின்று பாருங்கள். கொத்தனார் போகிறார், பால்காரர் போகிறார், கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை தூக்கப் போகிறார் தோழர். எல்லோருக்கும் மொபெட்தான் வாகனம். வாங்கும் கூலியில் ஒரு பங்கைப் பெட்ரோல் குடித்துவிடுகிறது, மிச்சம்தான் வீட்டுக்கு! மின்சார ஸ்கூட்டரோ, ஏறத்தாழ 3 யூனிட் ஏற்றினால் அன்றாட ஓட்டத்துக்குப் போதும். அந்த வண்டியைச் செய்பவன் யார்? ஓசூரிலே, கிருஷ்ணகிரியிலே, நம் தொழிலாளி! செய்யும் கை நம்முடையது. ஓட்டும் கை மட்டும் ஏன் தயங்குகிறது?

தடை, தெருக்கோடி டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது, தோழர்களே!

கிராமத்துக் கம்பங்களில் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் பல உண்டு. விரைவாக ஏற்றும் 60 கிலோவாட் கருவி ஒன்றை அதில் மாட்டினால், ஊர்ப்பங்கு முழுவதையும் அதுவே விழுங்கும். சிறு ஸ்கூட்டர்தானே என்பீர்கள். 750 வாட் இழுக்கும் 40 வண்டிகளை மாலை வேளையில் ஒன்றாகச் சொருகுங்கள்: 30 கிலோவாட்! ஏறத்தாழப் பாதிச் சுமை! வீட்டுக்கு வீடு விளக்கும் விசிறியும் சுழலும் நேரம் அது. குறுவைக்கு மோட்டாரும் ஓடினால்? விளக்கு மங்கும், மோட்டார் திணறும், பழி, கம்பம் ஏறும் லைன்மேன் தலையில் விழும்! 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த கம்பங்களை, சேற்றில் நின்று மீண்டும் நட்ட கைகளுக்கா இந்தப் பழி?

ஆகவே, பழுது வந்தபின் பதறுவது பகிர்மானக் கழகத்துக்கு அழகல்ல. வண்டி வருமுன் கம்பி வலுப்பெற வேண்டும். எந்தத் தெருவில் சுமை ஏறுகிறது என்று அளந்து, அங்கே பெரிய டிரான்ஸ்பார்மர் வைக்கவேண்டும். நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகுகிறது. அப்போது ஏற்றினால் கட்டணம் குறைவு என்னும் சலுகை, பேருந்து நிலையத்து ஆட்டோக்காரருக்கும் அரிசி ஆலைத் தொழிலாளிக்கும் எட்டவேண்டும். வேலைத்தளத்திலேயே ஏற்றிவிட்டால் மாலைச் சுமை தானே குறையும்!

2018 ஏப்ரலில் மத்திய அரசு, வண்டிக்கு மின்னேற்றுவது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் வேண்டாம் என்று விளக்கியது. அப்படியானால் கூட்டுறவுச் சங்கம் நடத்தலாமே! மகளிர் குழு நடத்தலாமே! இணைப்பு கொடுப்பதுதான் கழகத்தின் கடமை. அதிலும் பாருங்கள்: 2024இல் திருத்திய விதிகளின்படி, புதிய இணைப்புக்குப் பெருநகரில் 3 நாள், நகராட்சியில் 7 நாள், கிராமத்தில் 15 நாள்! கிராமத்தான் காத்திருக்கப் பிறந்தவனோ?

2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை, முன்னோடி நகரங்களாக ஆறினைக் குறித்தது: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை. தஞ்சை இல்லை! 2025 ஜூன் 30இல் சென்னைச் சாலையில் 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. மகிழ்கிறோம், மனமார வாழ்த்துகிறோம். ஆனால், வடக்கு வாழ்கிறது தெற்கு தேய்கிறது என்று முழங்கிய இயக்கத்தின் பிள்ளைகள் நாம். பட்டணம் வாழ, பட்டிதொட்டி தேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்போமா? கும்பகோணத்துப் பணிமனைக்கும் உயரழுத்தக் கம்பி இழுபடட்டும்!

கிளைத் தோழர்களே! உங்கள் ஊர் டிரான்ஸ்பார்மர் எத்தனை கே.வி.ஏ. என்று பாருங்கள். எத்தனை வீடு, எத்தனை மோட்டார், எத்தனை மின்வண்டி என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கோடு பிரிவு அலுவலகத்தின் படியேறுங்கள். ஆட்சியில் எவர் இருப்பினும், கணக்கோடு வருபவனைக் கைகாட்டித் திருப்பியனுப்ப முடியாது.

நாட்டுக்குச் சோறு போடும் மண், நாளைய வண்டிக்காகக் கையேந்தி நிற்கலாகாது!